வெல்ஸ் கண்ட நாளை: தேறியதும் தேறாததும்

(தாம்பரத்தில் தொழிலாளர் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து நேரே இங்கே வந்திருப்பவர்கள் பலர். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளுக்குத் தகப்பன்மாரில் ஒருவர் அவர். 'கால யந்திரம்', 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்', செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வரும் 'உலகங்களின் யுத்தம்' ஆகியவை 1895 முதல் 1898 வரையான நான்கு வருஷங்களில் வெளிவந்தவை. படிக்காதவர்கள்கூட சினிமாவிலாவது பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதிக் குவித்து, இன்று அதிகம் பேர் கையில் எடுக்காத நாவல்கள் சில இருக்கின்றன. அவற்றில் எது நமக்கு உதவும், எது உதவாது என்பதுதான் இன்றையப் பேச்சு.

"இங்கிலீஷ்காரன் நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய கற்பனைக்கும் தாம்பரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தோழர் வாசலிலேயே கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் வந்து இறங்கிய மின்சார ரயிலே சம்பந்தம்தான்!

1920-ம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் வெல்ஸ் ரஷ்யா சென்றார். உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் அந்த நாட்டைப் பிழிந்துகொண்டிருந்த காலம். மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார். நாடு முழுவதையும் மின்மயமாக்குவது பற்றி லெனின் அவரிடம் பேசினார். வெல்ஸுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. காடும் சேறும் எழுத்தறியாத குடியானவர்களும் நிறைந்த தேசத்தில் மின்சாரமாவது என்று நினைத்தார். ஊர் திரும்பியதும் ஒரு புஸ்தகம் எழுதி, லெனினைக் கிரெம்ளினில் அமர்ந்து கனவு காண்பவர் என்று வர்ணித்தார். பத்து வருஷம் கழித்து வந்து பாருங்கள் என்று லெனின் அவரை அழைத்திருந்தார். அதே 1920 டிசம்பரில் முப்பது மின்நிலையங்களுக்கான திட்டத்தைச் சோவியத்துகளின் காங்கிரஸ் அங்கீகரித்தது. பத்தே ஆண்டுகளில் அத்திட்டத்தின் பெரும்பகுதி நிறைவேறிவிட்டது. அந்தச் சோவியத் யூனியன் 1991-ல் கலைந்துபோனது வேறு கதை. அந்த அணைகளும் மின்நிலையங்களும் எழுந்தது பொய்யல்ல.

இங்கே என்ன நடந்தது? 1931-ல் மெட்ராஸ் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்னியனுடைய ரயில்வே கம்பெனி தன் வருமானத்தைக் கணக்குப் பார்த்துப் போட்டது அது. ஆனாலும் மின்சாரம் வந்தது! கால யந்திரத்தைக் கற்பனை செய்த மனிதருக்கு, பதினொரு வருஷத்துக்கு அப்பால் இருந்த மின்சார விளக்கு கண்ணில் படவில்லை. என்ன காரணம்? அவருக்குக் கற்பனை வறட்சியா? இல்லவே இல்லை. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய நாவல்களைப் பார்ப்போம்.

ஜவுளிக் கடைப் பையன்

வெல்ஸ் 1866-ல் பிறந்தவர். சிறு கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் வறுமை. தாயார் ஒரு பெரிய மனிதர் மாளிகையில் வீட்டு மேற்பார்வைக்காரியாக வேலைக்குப் போனார். மகனை ஜவுளிக் கடையில் தொழில் பழக விட்டார்கள். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வேலை; கடையாட்களோடு ஒரே கொட்டடியில் படுக்கை. தி.நகர் ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தான்! அந்தக் கடையிலிருந்து தப்பி, உபகாரச் சம்பளத்தில் படித்து, ஹக்ஸ்லி என்ற பெரிய உயிரியல் விஞ்ஞானியிடம் பாடம் கேட்டவர் வெல்ஸ். ஏழ்மை அவருக்குத் தெரியும், விஞ்ஞானமும் தெரியும். இரண்டும் சேரும் இடத்தில் அவர் எழுத்து ஜொலிக்கிறது.

அப்படி ஜொலிக்கும் நாவல் 'தி ஸ்லீப்பர் அவேக்ஸ்'. 'உறங்கியவன் விழிக்கிறான்' என்று தமிழில் சொல்லலாம். 1899-ல் வேறு தலைப்பில் புஸ்தகமாக வந்தது. வெல்ஸுக்கே திருப்தி இல்லாமல் 1910-ல் திருத்தி மறுபடி வெளியிட்டார். அதிகம் பேசப்படாத வெல்ஸ் நாவல்களில் இதையே முதலிடத்தில் வைக்கிறோம்.

கதை இதுதான். தூக்கமில்லா வியாதியால் அவதிப்பட்ட கிரஹாம் என்ற மனிதன் 1897-ல் ஒருநாள் மயங்கி உறங்கிப் போகிறான். இருநூற்று மூன்று வருஷம் கழித்து விழிக்கிறான். இடையில் அவன் பெயரிலிருந்த சொத்தை டிரஸ்டிகள் வளர்க்கிறார்கள். வட்டி குட்டி போடுகிறது, குட்டி பேரன் பேத்தி எடுக்கிறது. விழித்துப் பார்த்தால் பூமியில் பாதிக்கு மேல் அவனுக்குச் சொந்தம்! அவன் பெயரால் ஒரு கவுன்சில் உலகத்தை ஆள்கிறது. தூங்குகிற மனிதன் உலகத்துக்கே முதலாளியாக இருக்கிறான். மூலதனம் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக எந்த நாவலாசிரியன் சொன்னான்? உழைப்பவன் விழித்திருக்கிறான், உடைமைக்காரன் உறங்குகிறான், லாபம் மட்டும் உறங்குவதே இல்லை.

அந்த லண்டனில் தொழிலாளிகள் பாதாளத்தில் வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் நீலக் கித்தான் உடுப்பு. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு நீல உடுப்புக்காரர்கள். கையில் காசில்லாதவன் தொழிலாளர் கம்பெனியின் வாசலுக்குப் போனால் சோறும் படுக்கையும் கிடைக்கும். அதற்கு ஈடாக உழைத்துத் தீர்க்க வேண்டும். தீர்வதே இல்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேறு நிறம் என்று சட்டை கொடுக்கும் ஆலைகளில் வேலை செய்யும் தோழர்கள் சிரிக்கிறீர்கள், எதற்கென்று தெரிகிறது. கிராமத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளிகளுக்கு இந்தக் கடன் கதை இன்னும் நன்றாகப் புரியும். தஞ்சையில் பண்ணையாள் பாதுகாப்புக்கென்று 1952-ல் அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது ஏன்? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் எதற்கு வந்தது? ஒரு வேளைச் சோற்றுக்கும் ஒரு கல்யாணச் செலவுக்கும் ஆயுளையே எழுதிக் கொடுக்கும் முறை நம் மண்ணில் பழங்கதை. லண்டனின் எதிர்காலம் என்று வெல்ஸ் எழுதியது திருவாரூர்ப் பக்கத்தின் கடந்தகாலம்!

தெருவெங்கும் பிதற்றும் இயந்திரங்கள் நின்று செய்திகளைக் கூச்சலிடுகின்றன. எவன் ஆள்கிறானோ அவன் செய்தி. இதற்கு வியாக்கியானம் வேண்டாம். உங்கள் சட்டைப்பையிலேயே ஒன்று இருக்கிறது. தயவு செய்து கூட்டம் முடியும்வரை அதை அணைத்து வையுங்கள்.

பிறகு கலகம் வெடிக்கிறது. ஆஸ்ட்ராக் என்பவன் உறங்கியவன் பெயரைச் சொல்லி ஜனங்களைத் திரட்டுகிறான், கவுன்சிலை வீழ்த்துகிறான், தானே நாற்காலியில் அமர்கிறான். நீல உடுப்பு நீல உடுப்பாகவே இருக்கிறது. கூட்டத்தால் ஆள முடியாது, வல்லவனே ஆள வேண்டும் என்று கிரஹாமுக்கு உபதேசமும் செய்கிறான். ஆனால் ஜனங்கள் வீட்டுக்குத் திரும்ப மறுக்கிறார்கள். நகரின் விமான மேடைகளைத் தாங்களே கைப்பற்றுகிறார்கள். இங்கேதான் நாவல் உயர்ந்து நிற்கிறது. வெல்ஸின் எத்தனையோ கதைகளில் ஜனங்கள் ஓடுகிறார்கள், மிதிபடுகிறார்கள், அழுகிறார்கள். இந்த ஒன்றில் அவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

குறை இல்லையா? உண்டு. ஒரு பெரிய குறையை மறைக்கக்கூடாது. லண்டன் தொழிலாளிகளை அடக்க ஆஸ்ட்ராக் ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்புப் போலீஸைக் கொண்டு வருகிறான். அவர்களைப் பூதங்கள் போல வெல்ஸ் வர்ணிக்கிறார். அந்தப் போலீஸ்காரன் யார், அவன் ஊரில் அவன் நிலத்தை யார் பிடுங்கினார்கள், எந்தக் கூலிக்காக அவன் துப்பாக்கி தூக்கினான் என்று ஒரு வரிகூட விசாரிக்கவில்லை. 1900-ல் சீனாவின் கலகத்தை அடக்க வெள்ளையன் கப்பலேற்றி அனுப்பியவர்களில் நம் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் டயர் உத்தரவிட்டான். சுட்டவர்கள் பட்டாளத்தில் சேர்ந்த இந்நாட்டுக் குடியானவப் பிள்ளைகளும் கூர்க்காக்களும். கூலிக்குச் சுடுகிறவனும் நீல உடுப்புக்காரனே என்பது வெல்ஸுக்கு எட்டவில்லை. நிறம் அவர் கண்ணை மறைத்துவிட்டது. இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது கோபம் வர வேண்டும். வந்த பிறகும் நாவலைப் படித்து முடிக்க வேண்டும்.

குரோம்பேட்டையில் படித்தவர் எழுதியது

இதே விஷயம் தமிழில் வந்திருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த சுஜாதா, 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். பின்னால் 'மீண்டும் ஜீனோ' வந்தது. 2021-ம் வருஷத்து இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்வதாகக் கதை. பிள்ளை பெறுவதற்கும் சர்க்கார் அனுமதி வேண்டும். கடைசியில் அந்த ஜீவா வெறும் பிம்பம் என்று தெரிகிறது. பெயர் ஒருவனுடையது, ஆட்சி வேறு சிலருடையது. வெல்ஸின் உறங்குகிறவனும் சுஜாதாவின் ஜீவாவும் சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள்!

ஆனால் யார் இந்த மர்மத்தை உடைக்கிறார்கள்? நிலா என்ற பெண்ணும் ஜீனோ என்ற இயந்திர நாயும். அந்த நாய் சாமர்த்தியசாலி, நமக்கும் அதைப் பிடிக்கும். என்றாலும் கோடிக்கணக்கான ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தால், பார்வையாளர்களாக நிற்கிறார்கள். நாய்க்கு இருக்கும் புத்தி நாட்டுக்கு இல்லை! இந்த விஷயத்தில் 1899-ல் எழுதிய வெல்ஸ் ஒரு படி முன்னால் நிற்கிறார்.

வால் நட்சத்திரம் தந்த சோஷலிசம்

இனி தேறாததைப் பார்ப்போம். 1906-ல் வந்த 'இன் தி டேஸ் ஆஃப் தி காமெட்'. வால் நட்சத்திரம் வந்த நாட்களைப் பற்றியது.

இதன் முதல் பாதியைப் படித்தவர்கள் நம்மோடு சண்டைக்கு வருவார்கள். அத்தனை நன்றாக இருக்கும். பீங்கான் சூளையும் நிலக்கரிச் சுரங்கமும் புகைமூட்டமுமான ஊர். லெட்ஃபோர்டு என்ற ஏழை வாலிபன். கூரை ஒழுகும் வீட்டில் விதவைத் தாய். மழை உள்ளே கொட்டுகிறது; வீட்டுக்காரனுக்கு வாடகை மட்டும் நாள் தவறக்கூடாது. தாய் பயந்து பயந்து பேசுவதும், மகன் உள்ளுக்குள் வெந்து போவதும் நம் பல்லாவரம், நாகல்கேணித் தோல் ஷெட்டுகளைச் சுற்றியுள்ள குடிசைகளில் நடப்பது போலவே இருக்கும். சுரங்கத்தில் கதவடைப்பு. முதலாளியின் மோட்டார் கார் தொழிலாளிகள் கூட்டத்துக்குள் பாயும் காட்சி ஒன்று போதும், வெல்ஸ் எத்தனை பெரிய எழுத்தாளர் என்று சொல்வதற்கு. இதற்கிடையே லெட்ஃபோர்டு காதலித்த பெண் பணக்காரன் மகனோடு போய்விடுகிறாள். இவன் துப்பாக்கியோடு துரத்துகிறான். நாட்டில் யுத்தமும் மூண்டுவிட்டது. இத்தனை முடிச்சையும் ஆசிரியர் எப்படி அவிழ்க்கப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிறோம்.

வால் நட்சத்திரம் வந்து பூமியில் மோதுகிறது. அதன் பச்சை வாயு காற்றில் கலக்கிறது. எல்லோரும் சில மணி நேரம் உறங்கிவிடுகிறார்கள். எழுந்தவுடன் அனைவருக்கும் நல்ல புத்தி! நிலப்பிரபு நிலத்தைக் கொடுத்துவிடுகிறான். மந்திரிகள் யுத்தத்தை நிறுத்தி உலக ராஜ்யம் அமைக்கிறார்கள். லெட்ஃபோர்டு துப்பாக்கியை விட்டெறிகிறான். அழுக்கு வீடுகளைக் கொளுத்தி விழாக் கொண்டாடுகிறார்கள். கதை முடிந்தது.

நம் ஊரில் வால் நட்சத்திரம் தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது என்பார்கள். வெல்ஸ் ஒரு படி மேலே போய், முதலாளிக்கு ஞானம் வரும் என்கிறார்! ஜோசியர்கள் எவ்வளவோ தேவலை.

ஏன் இதைக் கடைசி வரிசையில் வைக்கிறோம்? மோசமாக எழுதப்பட்ட புஸ்தகம் என்பதால் அல்ல. கதவடைப்பில் பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளிகளை நம் கண்முன் நிறுத்திய கை, அவர்கள் பாட்டை அவர்களே முடிக்க விடாமல் வாயுவை ஊற்றி உறங்க வைத்துவிட்டதே என்பதால். அந்தத் தாய் தன் வீட்டுக்காரனிடம் ஒரு நாளாவது நிமிர்ந்து பேசுவாள் என்று காத்திருந்தோம். வீட்டுக்காரனே திருந்திவிட்டான், அவள் நிமிர அவசியமே இல்லாமல் போயிற்று. முதல் பாதியை மட்டும் படியுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் முதல் பாதியின் சத்தியத்தை இரண்டாம் பாதி எப்படிக் கொல்கிறது என்று பார்ப்பதும் ஒரு படிப்புத்தான்.

இந்த வாயு வைத்தியம் அவரை விடவில்லை. 1933-ல் 'வரப்போகும் காலத்தின் வடிவம்' என்ற பெரிய புஸ்தகம் எழுதினார். பாத்திரம் இல்லை, பேச்சு இல்லை, சரித்திரப் பாடம் போல நீள்கிறது. ரயிலில் படித்தால் சானட்டோரியம் தாண்டுவதற்குள் தூக்கம் வரும். போலந்தைச் சாக்காக வைத்து 1940-ல் உலக யுத்தம் மூளும் என்று அதில் எழுதியது நாலு மாதக் கணக்கில்தான் தவறியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1939 செப்டம்பரில் மூண்டதல்லவா? அந்த யுத்தம் உலகைச் சீரழித்த பிறகு யார் காப்பாற்றுகிறார்கள்? விமானிகளும் இஞ்சினியர்களும் சேர்ந்து ஒரு சர்வாதிகாரம் நடத்துகிறார்கள். இதையொட்டி 1936-ல் எடுத்த படத்தில் அந்த விமானிகள் ஆகாயத்திலிருந்து அமைதி வாயுவைப் பொழிந்து ஊரை உறங்க வைத்துப் பிடிக்கிறார்கள். அதற்கு இருபது வருஷம் முன்பே, 1915-ல், பெல்ஜியத்து யுத்தகளத்தில் வாயுவின் நிஜ முகத்தை உலகம் பார்த்துவிட்டது. நாம் 1984 டிசம்பரில் போபாலில் பார்த்தோம். இரவில் உறங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை.

ஆகாயத்திலிருந்து விழுந்தவை

இடைத்தரத்தில் இரண்டு நாவல்களைச் சொல்லிவிடுவோம். இரண்டுமே தாம்பரத்துக்காரர்கள் படிக்க வேண்டியவை. விமானப் படையின் பயிற்சி விமானங்கள் நம் தலைக்கு மேல் தினமும் சுற்றுகின்றன அல்லவா?

1908-ல், விமானம் தத்தித் தத்திப் பறந்த காலத்தில், 'ஆகாய யுத்தம்' எழுதினார். சைக்கிள் கடை வைத்திருந்த பெர்ட் என்ற சாமானியன் தற்செயலாக ஜெர்மன் ஆகாயப் படையில் மாட்டிக்கொள்கிறான். நியூயார்க் நகரம் குண்டு வீச்சில் எரிவதை மேலேயிருந்து பார்க்கிறான். விமானத்தால் நகரத்தை அழிக்க முடியும், பிடித்து ஆள முடியாது என்பதை வெல்ஸ் அப்போதே சொன்னார். கடைசி அத்தியாயத்தில் எல்லா நகரங்களும் பாழாய்க் கிடக்க, பெர்ட்டின் அண்ணன் ஒரு சிறுவனுக்குப் பழைய கதை சொல்கிறான். அதற்காகவே இந்தப் புஸ்தகத்தை வாங்கலாம். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதைக் கேட்டு, மூட்டை முடிச்சோடு சென்னையை விட்டு ஓடியவர்களின் பேரப் பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும்.

இன்னொன்று 1914-ன் தொடக்கத்தில் வந்த 'விடுதலை பெற்ற உலகம்'. முதல் உலக யுத்தமே அப்போது வரவில்லை. அதில் அணுகுண்டு வருகிறது, அந்தப் பெயராலேயே! விமானத்திலிருந்து கையால் தூக்கிப் போடும் குண்டு. விழுந்த இடத்தில் நாள் கணக்கில் வெடித்துக்கொண்டே இருக்கும். இந்த நாவலை 1932-ல் லியோ ஸிலார்ட் என்ற ஹங்கேரி விஞ்ஞானி படித்தார். மறு வருஷமே அணுவின் சங்கிலித் தொடர் வினை அவர் மூளையில் உதித்தது. 1945-ல் ஹிரோஷிமா. ஜப்பான்மீது அதைப் போடவேண்டாம் என்று மனுப் போட்டவர்களில் அதே ஸிலார்ட் முன்னால் நின்றார். தாம்பரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் கடற்கரையில் 1980-களில் அணுமின் நிலையம் எழுந்தபோது, அந்தச் சங்கிலி நம் வாசலுக்கும் வந்து சேர்ந்தது. இத்தனை தூரம் பார்த்த நாவல், அழிவுக்குப் பின் என்ன சொல்கிறது? ராஜாக்களும் ஜனாதிபதிகளும் ஒரு மலையடிவாரத்தில் கூடி, இனிச் சண்டை வேண்டாம் என்று ஒப்புக்கொள்கிறார்களாம். குண்டு போட்ட வர்க்கமே குண்டை நிறுத்தும்!

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். அணுகுண்டையும் ஆகாய யுத்தத்தையும் முன்கூட்டியே பார்த்தவர், ரஷ்யக் கிராமத்தின் விளக்கை ஏன் பார்க்கவில்லை? இயந்திரம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். எழுத்தறியாத குடியானவன் என்ன செய்வான் என்பதில்தான் அவருக்கு நம்பிக்கை இல்லை. 1903-ல் பேபியன் சங்கத்தில் சேர்ந்தார், 1908-ல் விலகினார். சங்கத்தை விட்டார், மேலிருந்து படித்த சிலர் நல்லது செய்வார்கள் என்ற எண்ணத்தை விடவில்லை. 1934-ல் மறுபடி மாஸ்கோ போய் ஸ்டாலினோடு நெடுநேரம் பேசியபோதும் இஞ்சினியர்கள், நிபுணர்கள் பற்றியே வாதாடினார். வால் நட்சத்திரம், வாயு, விமானிகள், மன்னர்கள் என்று ஆள் மாறுகிறது, இடம் மாறுவதில்லை, எப்போதும் மேலே! ஜவுளிக் கடைக் கொட்டடியில் தன்னோடு படுத்திருந்த பையன்களை அவர் மறக்கவில்லை, அவர்கள் மேல் இரக்கமும் காட்டினார். அவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்க மட்டும் துணியவில்லை, அந்த விமான மேடைகளைத் தவிர.

ஒரு தோழர் இந்தப் புஸ்தகங்கள் தமிழில் கிடைக்குமா என்று சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். வெல்ஸ் 1946 ஆகஸ்டில் காலமானார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது வருஷம் வரைதான் பதிப்புரிமை. அது 2006-ம் ஆண்டோடு முடிந்துவிட்டது. யாருடைய அனுமதியும் கேட்காமல் தமிழில் போடலாம். இங்கிலீஷ் தெரிந்த தோழர்கள் இரண்டு பேர் முன்வந்தால், 'உறங்கியவன்' நாவலில் விமான மேடைகளைப் பிடிக்கும் கடைசி அத்தியாயங்களை மொழிபெயர்த்து அடுத்த மாதக் கூட்டத்தில் வாசிக்கலாம். கறுப்புப் போலீஸ் வரும் பக்கங்களையும் விடாமல் வாசிப்போம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் நோட்டுப் புஸ்தகத்தோடு இருக்கும் தோழரைப் பாருங்கள். எட்டரை மணி வண்டிக்குப் போக வேண்டியவர்கள் முதலில் எழுதிவிட்டுப் போகலாம்.